அம்மாவை இதய மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வழி சொல்லுங்கள்
அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 61. நெடுநாளாகச் சர்க்கரை நோய், கூடவே இரத்த அழுத்தம். சில நாட்களாக மாடிப்படி ஏறினால் கீழ்த்தாடையிலிருந்து இடது தோள்வரை இழுத்துப் பிடிக்கிறது, நெற்றி வியர்க்கிறது. உட்கார்ந்தால் அடங்கிவிடுகிறது. "வாயுதான்" என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமலும் மாரடைப்பு வரும் என்பதால் எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பு எடுத்த இசிஜி சரியாக இருந்ததையே பிடித்துக்கொண்டு வர மறுக்கிறார். ஓய்வில் எடுக்கும் இசிஜியில் அடைப்பு தெரியாமல் போகலாம் என்றால் காதில் வாங்குவதே இல்லை.

இப்படி அடம்பிடித்த பெற்றோரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மதுரையில் ஆஞ்சியோகிராம் செய்துகொண்டவர்கள், என்னென்ன ஆவணங்கள் கேட்டார்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். உட்கார்ந்தும் வலி அடங்காவிட்டால் உடனே 108ஐ அழைத்துவிடுவேன். அந்த நிலை வருவதற்குள் அவரை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.