ஹான்லேயில் நான் போட்ட டார்ச்

குளிர்விரல்:

ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன். ஹான்லே பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, 2022 கடைசியில் இருள்வானக் காப்பகமாக அறிவித்ததிலிருந்து இரவு வானத்தைப் படமெடுக்கும் நம்மில் பாதிப் பேர் லடாக் பக்கம் போய் வந்தாயிற்று. நான் போனது செப்டம்பர் முடிவில், அமாவாசையை ஒட்டி. உயரத்தால் வந்த தலைவலி, மாத்திரை கதையெல்லாம் விடுங்கள். 20 மி.மீ. லென்ஸ், ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் 20 விநாடி திறந்திருக்கும். பால்வெளி தென்மேற்கில் இறங்கிக்கொண்டிருக்கிறது, அந்த நேரம் பார்த்து பேட்டரி செத்தது. மாற்று பேட்டரியைச் சூட்டுக்காகப் பனியனுக்குள் வைத்திருந்தேன். கையுறையைக் கழற்றி எடுத்தால் விறைத்த விரலிலிருந்து நழுவிவிட்டது. கூழாங்கல் தரை, எல்லாமே கறுப்பு. யோசிக்கவே இல்லை, போனில் டார்ச் போட்டுவிட்டேன்.

நாற்காலி கிறீச்சிட்ட சத்தம் கேட்டு நிமிர்ந்தால், முப்பதடி தள்ளி ஒரு பெரியவர். குல்லா, மடக்கு நாற்காலி, பின்பக்கம் திரையே இல்லாத பழைய காமிரா, ஷட்டரைத் திறந்தே வைக்க அதில் பூட்டிவிட்ட கேபிள். லென்ஸ் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கிறது. நான் நிற்பது அவருக்கு நேர் வடக்கே. எழுந்து வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, என் போன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினார். விரலிடுக்கில் சிவப்பாக வெளிச்சம் கசிந்தது. அந்தச் சிவப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. டார்ச்சை அணைத்ததும் குனிந்து, இருட்டில் தரையைத் தடவி என் பேட்டரியை எடுத்துக் கையில் வைத்தார். திரும்பிப் போய் ஷட்டரை மூடினார், கிளிக் என்று கேட்டது. எத்தனை நேரமாகத் திறந்து வைத்திருந்தாரோ. ஒரு மன்னிப்புகூட எனக்கு வாயில் வரவில்லை.

உப்புக்கண்டம்:

உங்களுக்காவது இருட்டு கிடைத்தது. குஜராத் உப்புப் பாலைவனம் கட்ச் ரண் போனால் பௌர்ணமிக்குத்தான் போகணும் என்று ஆளாளுக்குச் சொன்னதைக் கேட்டு டிசம்பரில் போனேன். உப்புத்தரை பால் கொட்டினது போல அழகுதான், மறுக்கவில்லை, நட்சத்திரம்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அதோடு, மேலே அப்பளம் மாதிரி உப்பு, கீழே மழைத்தண்ணீர் வற்றாத சேறு. ட்ரைபாடின் ஒரு கால் மொறுக்கென்று உள்ளே போய், காமிரா மெதுவாகச் சாய்கிறது, நான் ஓடுகிறேன். பிடித்துவிட்டேன். ஆனால் ஷட்டர் திறந்தே இருந்ததால் நிலா வெள்ளைப் புழு மாதிரி நெளிந்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் பிடித்த படம் அதுதான், என்னத்தைச் சொல்ல.

ஸ்டேக்கிங்சாமி:

குளிர்விரல் தம்பி, இதற்குப் போய் இத்தனை வருத்தமா? வானம் சுழல்வதால் விழும் நட்சத்திரக் கோட்டை, ஷட்டரைத் திறந்தே வைத்து ஒரே எக்ஸ்போஷரில் இப்போது யார் எடுக்கிறார்கள்? 30 விநாடி வீதம் 300 பிரேம், உங்கள் டார்ச் விழுந்தது இரண்டோ மூன்றோ, அவற்றில் தரைப் பக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு, எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் போச்சு. ஜெய்சல்மேர் பக்கம் என் பிரேமில் ஒரு ஜீப்பே ஹெட்லைட்டோடு வந்தது, ஒன்றும் ஆகவில்லை.

சரி, வந்ததற்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒருமுறை வெள்ளை வெளிச்சம் பட்டால் மறுபடி முதலிலிருந்து, ஆகவே சிவப்பு ஹெட்லேம்ப் இல்லாமல் வெளியே இறங்காதீர்கள். ஃபோகஸைப் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தில் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். லென்ஸைச் சுற்றி ஒரு ஹீட் பேக், இல்லாவிட்டால் பனி படியும். 500-ஐ லென்ஸின் மி.மீ.யால் வகுக்கும் 500 விதிப்படி 20 மி.மீ.க்கு 25 விநாடி வரும், அதை நம்ப வேண்டாம், இன்றைய சென்சாரில் நட்சத்திரம் அரிசி மாதிரி நீளும். உங்கள் இருபதே அதிகம், பத்து பன்னிரண்டில் நிறுத்துங்கள். அப்புறம் துருவ நட்சத்திரம் சென்னையில் 13 டிகிரிதான், பக்கத்து மாடிக்குப் பின்னால் போய்விடும், ஹான்லேயில் 33 டிகிரி உயரத்தில் நிற்கும். அவ்வளவு தூரம் போயும் நீங்கள் வடக்கே திருப்பாதது தப்பு.

மணல்கடி:

சாமி, பதிவை முழுசாகப் படித்தீர்களா? பின்னால் திரை இல்லாத காமிரா என்று எழுதியிருக்கிறார். பிலிம். அதில் 300 பிரேமுக்கு எங்கே போவது?

என்னுடையது அபுதாபி, அல் குவா. துபாயிலிருந்து நான்கு பேர், டயர் காற்றை இறக்கி மணலுக்குள் போயாயிற்று. எக்ஸ்போஷர் ஓடும்போது பின்கழுத்தில் சூடாக ஒரு மூச்சு. ஒட்டகம். நான் கத்தியும் அசையவில்லை, டீ பிளாஸ்கை முகர்ந்துகொண்டு நின்றது. வெளிச்சம் போடப் பயந்து நாலு பேரும் இருட்டிலேயே நின்றோம். விடிந்து பார்த்தால் ட்ரைபாடுகளைச் சுற்றி ஏழெட்டு ஒட்டகத்தின் தடம். நாங்கள் ஒன்று என்றுதான் நினைத்திருந்தோம்.

ஸ்டேக்கிங்சாமி:

பிலிம் என்றால் இன்னும் நல்லது. நேரம் போகப் போக பிலிமின் உணர்திறன் இறங்கும், சில விநாடி டார்ச்செல்லாம் பெரிதாகப் பதியாது.

குளிர்விரல்:

மங்கலான வெளிச்சத்துக்குத்தான் சார் அது. நான் நின்றது பிரேமுக்கு உள்ளே. அவர் எப்போது கழுவிப் பார்த்தாரோ, வட்ட வட்டமான கோடுகளுக்குக் கீழே குனிந்து கல்லைத் துழாவிக்கொண்டு நான்தான் இருந்திருப்பேன்.