புதுப்பிப்பு: உருவப் பொம்மைக்கு எந்தப் புகைப்படம் பொருத்தம்?

அப்பாவின் முகச்சாயலில் ஒரு சிறிய உருவப் பொம்மை செய்வதற்கு அவருடைய செல்ஃபியை அனுப்பலாமா, குழுப்படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி அனுப்பலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பொம்மை வந்துவிட்டது, பார்த்தவுடன் அப்பா என்று சொல்லும்படி அமைந்திருக்கிறது.

இரண்டுமே வேண்டாம், புதிதாக எடுங்கள் என்ற யோசனையே கைகொடுத்தது. கையெட்டும் தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு பெரிதாகவும் காதுகள் பின்வாங்கியும் தெரியும் என்பதால், இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கேமராவை அவருடைய கண்மட்டத்தில் வைத்து, சற்றே ஜூம் செய்து எடுத்தேன். சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததால் கன்னமேடும் மூக்கோரத்து மடிப்பும் நன்றாகப் பதிந்தன. நேராக அடிக்கும் ஃபிளாஷ் இவற்றையெல்லாம் தட்டையாக்கிவிடும். படத்தைச் சுருக்கிவிடாதபடி, வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பச் சொன்னவருக்குத் தனி நன்றி.

எதிர்பாராதது ஒன்று உண்டு. முன்பக்கப் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நெற்றியின் சரிவும் தாடையின் நீட்சியும் அதில் தெரியாது என்று சொல்லி, பக்கவாட்டுப் படத்தையும் சிற்பி கேட்டார். கண்ணாடியில் விழுந்த ஒளி இமையை மறைத்ததால், கண்ணாடியைக் கழற்றிய படமும் தேவைப்பட்டது. பல் தெரியும் சிரிப்பைவிட வாய்மூடிய புன்னகையே நல்லது என்பது என் கருத்து; அவ்வளவு சிறிய முகத்தில் பற்கள் வெறும் வெள்ளைக் கோடாகிவிடும்.