மறு: இரட்டை சிடி ரெக்கார்டருக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம். ஒரு சிடியில் இருக்கும் பாட்டை இன்னொரு வெற்று சிடியில் எழுதித் தரும் வீட்டுப் பெட்டிதான் இரட்டை சிடி ரெக்கார்டர். அதற்குத் தமிழ்ப் பெயர் கேட்ட மடலுக்கு நண்பர்கள் எழுதிய பதில்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> 'இரட்டைக் குறுந்தகடு எரிப்பான்' என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

சென்னை நண்பர் ஒரே வரியில் முடித்துவிட்டார். என்னால் முடியவில்லை, ஏனென்றால் அந்தப் பெட்டி மும்பை மாட்டுங்காவில் என் வீட்டு அலமாரியில்தான் உட்கார்ந்திருக்கிறது. சோர் பஜாரில், அதாவது பெயரிலேயே 'திருட்டுச் சந்தை'யான பழைய சாமான் கடைத்தெருவில், ஒரு வெள்ளிக்கிழமை பேரம் பேசி வாங்கியது. ரிமோட் வரவில்லை, பெட்டி மட்டும் வந்தது.

முதலில் 'இரட்டை'. இதில் சிடி போடும் வாய் இரண்டு இருப்பது உண்மைதான். ஆனால் இடது வாய் பாடும், அவ்வளவுதான். எழுதத் தெரிந்தது வலது வாய்க்கு மட்டுமே. 'இரட்டை எரிப்பான்' என்றால் இரண்டும் எரிக்கும் என்று வாங்குகிறவன் நினைப்பான். நானும் அப்படி நினைத்துத்தான் முதல் நாள் வெற்றுத் தட்டை இடது பக்கம் போட்டுவிட்டு அரை மணி நேரம் விழித்தேன்.

அடுத்தது 'எரிப்பு'. கடையில் விற்கும் பாட்டு சிடியில் குழிகள் அச்சில் வார்த்தபோதே விழுந்தவை. நாம் எழுதும் தட்டில் குழி கிடையாது, சாயம்தான் உண்டு. 780 நானோமீட்டர் லேசர் பட்ட இடத்தில் சாயம் சூடேறி மாறிவிடுகிறது, அங்கே ஒளி திரும்பி வருவது குறைகிறது. படிக்கும் கருவி அதைக் குழி என்று எண்ணிக்கொள்கிறது. தீயும் இல்லை, சாம்பலும் இல்லை. 'சுடுதல்' என்றால் இன்னும் பொருந்தும். தோசையைச் சுடுகிறோம், எரிப்பதில்லை. ஆனால் 'சுட்ட பாட்டு' என்றால் தமிழனுக்கு என்ன பொருள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதிலும் சோர் பஜாரில் வாங்கிய பெட்டிக்குச் 'சுடுவான்' என்று பெயர் வைத்தால் வீட்டுக்காரி சும்மா விடமாட்டாள்.

> இருவட்டு நகலி - சுருக்கம், இனிமை.

பெங்களூர் நண்பரின் சொல். அங்கே இனிக்கலாம். இங்கே மின்னணுக் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் போய் 'நகலி' என்று வாயைத் திறந்தால் காதில் விழுவது 'நக்லி'. போலிச் சரக்கு கேட்கிறான் என்று கடைக்காரர் முறைப்பார். நகல் என்ற சொல்லே அந்தப் பக்கத்திலிருந்துதான் தமிழுக்கு வந்தது. நம் ஊரில் அது பத்திரப் பதிவு அலுவலகத்தில் மரியாதையோடு வாழ்கிறது. இந்தியில் பரீட்சையில் காப்பியடிப்பதற்கும் அதே சொல். மும்பைத் தமிழனுக்கு இரண்டு காதும் உண்டு, என்ன செய்வது?

சரி, நகலுக்கு நம்மிடமே பழைய சொல் ஒன்று இருக்கிறது: 'படி'. சுந்தரர் கல்யாணத்தில் கிழவர் வந்து 'நீ எனக்கு அடிமை' என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப்போடுகிறார். அப்புறம் திருவெண்ணெய்நல்லூர் சபையில் கிழவர் சொல்வது என்ன? கிழித்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிவைத்த இந்தச் சோடியைத்தான் இந்தப் பெட்டி செய்துகாட்டுகிறது. இடது பக்கம் மூலம், வலது பக்கம் படி.

ஆகவே என் முன்மொழிவு: கருவி 'படியெடுப்பி'. இடது வாய் 'மூலவாய்', வலது வாய் 'படிவாய்'. போடுவது மூலத்தட்டு, வெளியே வருவது படித்தட்டு. 'தட்டு' ஏன் என்றால், இசைத்தட்டு என்று நம் அப்பாக்கள் காலத்திலிருந்து சொல்லி வருகிறோம். குறுந்தகடு, குறுவட்டு, ஈழத்தவர் சொல்லும் இறுவட்டு எதனோடும் எனக்குச் சண்டை இல்லை.

> படி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது பஞ்சப்படிதான்.

டெல்லி நண்பர் மத்திய அரசு ஊழியர் என்பது இதிலேயே தெரிகிறது. அரிசி அளக்கும் படியும் உண்டு, மாடிப்படியும் உண்டு. ஆனால் 'எடு' சேர்ந்ததும் குழப்பம் தீர்ந்துவிடும். பஞ்சப்படியை யாரும் எடுப்பதில்லை, அது வந்தால்தான் உண்டு.

இன்னொரு லாபம். இந்தப் பெட்டிகளில் எஸ்.சி.எம்.எஸ். என்று ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய சிடியை மூலவாயில் போட்டால் படி தரும். அந்தப் படியையே திரும்ப மூலவாயில் போட்டு இன்னொன்று கேட்டால் டிஜிட்டல் வழியில் தராது. மூலத்திலிருந்து எத்தனை வேண்டுமானாலும் எடு, படியிலிருந்து எடுக்காதே என்பது சட்டம். இதை 'மறுபடித் தடை' என்று சொல்லிப் பாருங்கள். 'மறுபடியும்' என்ற சொல்லும் கூடவே காதில் விழுகிறது, நான் தேடிப் போகாமலே கிடைத்தது.

வெற்றுத் தட்டுக்கும் பெயர் வேண்டும். வீட்டு ஆடியோ ரெக்கார்டர்கள் இசைக்கென்று குறியிட்ட தட்டுகளை மட்டுமே ஏற்கும். கணினித் தட்டைக் கொடுத்தால் துப்பிவிடும். 'எல்லாம் ஒண்ணுதான்' என்று ஒரு கடைக்காரர் தலையில் கட்டிய ஐம்பது தட்டு உருளை ஒன்று அப்படியே கிடக்கிறது. மருமகன் கல்யாண போட்டோ ஏற்றிக்கொள்கிறான். இசைக்கான வெற்றுத் தட்டை 'இசைவெற்று' என்றும் கணினிக்கானதைக் 'கணிவெற்று' என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டுமே எனக்குப் பிடிக்கவில்லை. யாராவது மாற்றுங்கள்.

ஃபைனலைஸ் என்பதற்கு மட்டும் உறுதியாக ஒன்று சொல்வேன்: 'முற்றிடல்'. பாட்டெல்லாம் ஏறிய பிறகு பொருளடக்கத்தை எழுதித் தட்டை மூடுவது அந்த வேலை. அதைச் செய்யாவிட்டால் பாட்டு உள்ளே இருந்தும் சாதாரண பிளேயருக்குத் தெரியாது. ஏடு பெயர்த்தெழுதியவர் கடைசியில் 'முற்றும்' போடுவதைப் போலத்தான். 'இறுதியாக்கல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எனக்கு இறுதிச்சடங்கு நினைவு வந்தது, மன்னிக்கவும்.

74 நிமிடத் தட்டை இருமடங்கு வேகத்தில் படியெடுக்க 37 நிமிடம் ஆகும். இந்த மடலை எழுத ஆரம்பித்தபோது ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். இப்போது படிவாய் திறந்துவிட்டது. போய் முற்றிட வேண்டும், ரிமோட் இல்லாததால் அதற்கு முன்பக்கத்தில் எந்தப் பொத்தான் என்று ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருக்கிறது.

அன்புடன்,
மாட்டுங்காவிலிருந்து