மிக்ஸ் ஹெட்போனில் அருமை, ஃபோனில் குரலே அமுங்கிவிடுகிறது: கோளாறு மாஸ்டரிங்கிலா?

முதல்தடம்:

மூன்று வாரமாக ஒரே பாட்டோடு போராடிக்கொண்டு இருக்கிறேன். நானே மெட்டுப் போட்டு நானே பாடியது, ரீப்பர் என்ற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பதிவு செய்தேன். அக்கூஸ்டிக் கிட்டார், கீபோர்டில் பின்னணியில் நீண்டு ஒலிக்கும் ஒரு பேட், சாஃப்ட்வேர் சின்தில் (சிந்தசைசரில்) வாசித்த பேஸ், திரும்பத் திரும்ப ஓடும் டிரம் லூப், அப்புறம் குரல், எல்லாம் சேர்த்து 14 ட்ராக். ஹெட்போனில் கேட்டால் அவ்வளவு நிறைவாக இருக்கிறது, குரல் இரண்டு பக்கமும் விரிந்து நிற்கிறது, பேஸ் அடிவயிற்றில் இறங்குகிறது. அதே பாட்டை ஃபோன் ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் என்று ஒன்று இருந்த சுவடே இல்லை, குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிறது, கிட்டார் மட்டும் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்துவிடுகிறது.

எல்லாம் சேர்ந்து வெளியேறும் மாஸ்டர் ட்ராக்கில் அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் ஒரு ஈக்யூ, ஒலியை விரிக்கும் ஒரு ஸ்டீரியோ வைடனர், கடைசியில் உச்சங்களை அமுக்கிச் சத்தத்தை ஏற்ற உதவும் லிமிட்டர் போட்டிருக்கிறேன். லிமிட்டரை நன்றாகவே ஏற்றிவிட்டேன், மீட்டரில் சராசரி சத்தம் மைனஸ் 8 எல்யுஎஃப்எஸ் (பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம்) என்று காட்டுகிறது. இருந்தும் யூடியூபில் ஏற்றியபின் மற்ற பாடல்களுக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் என் பாட்டு தட்டையாக, உயிரே இல்லாமல் ஒலிக்கிறது. இன்னும் சத்தத்தை ஏற்ற வேண்டுமா? நல்ல மாஸ்டரிங் பிளக்இன் (முழுப் பாட்டையும் கடைசியாக மெருகேற்றும் துணை சாஃப்ட்வேர்) ஒன்று வாங்கினால் சரியாகிவிடுமா? வாங்குவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

கீழ்ஸ்தாயி:

எதையும் வாங்காதீர்கள், முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். குரல் இரண்டு பக்கமும் விரிந்திருக்கிறது என்கிறீர்களே, அதை எப்படிச் செய்தீர்கள்? அடுத்து, ரீப்பரின் மாஸ்டர் ட்ராக்கில் இடது வலது இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கும் மானோ பட்டன் இருக்கும், அதை அழுத்தி அதே ஹெட்போனில் கேட்டுவிட்டு என்ன ஆகிறது என்று எழுதுங்கள்.

முதல்தடம்:

குரல் ட்ராக்கை அப்படியே காப்பி எடுத்து, ஒன்றை முழுக்க இடது பக்கமும் மற்றதை முழுக்க வலது பக்கமும் வைத்து, வலது பக்கத்தை 10 மில்லிசெகண்ட் தள்ளிவிட்டேன். ஒரு வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

மானோ பட்டனை அழுத்தினேன். ஃபோனில் கேட்ட அதே கிணற்றுக் குரல் ஹெட்போனிலேயே வந்துவிட்டது! ஏன் இப்படி ஆகிறது?

கீழ்ஸ்தாயி:

இதுதான் பாதிக் காரணம். ஒரே ஒலியை 10 மில்லிசெகண்ட் தள்ளித் தன்னோடேயே கூட்டினால் சில அலைவரிசைகளில் ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து இரண்டும் அழிந்துபோகும். 10 மில்லிசெகண்டுக்கு அது 50 ஹெர்ட்ஸில் தொடங்கி 150, 250, 350 என்று ஒவ்வொரு 100 ஹெர்ட்ஸுக்கும் ஒரு பள்ளமாக மேலே வரை போகும். சீப்பின் பல் மாதிரி இருப்பதால் காம்ப் ஃபில்டர் என்று பெயர். ஹெட்போனில் இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போவதால் அவை கூடுவதே இல்லை, உங்களுக்கும் தெரியவில்லை. ஃபோனில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சேர்ந்துவிடுகிறது, குரலின் உடம்பு முழுக்க ஓட்டை விழுந்துவிடுகிறது. போதாக்குறைக்கு மாஸ்டரில் வைடனர் வேறு. பல வைடனர்கள் செய்வது இடது வலதுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைத் தூக்கிவிடுவதுதான். வித்தியாசம் என்பது மானோவில் பூஜ்யமாகிவிடும் பகுதி, அதாவது ஃபோனில் தொலையப்போகும் பகுதியைத் தேடிப்பிடித்து ஏற்றியிருக்கிறீர்கள்.

வைடனரை எடுத்துவிடுங்கள். காப்பி எடுத்த குரலையும் அழித்துவிட்டு, ஒரே குரலை நட்டநடுவில் வையுங்கள். விரிவு வேண்டுமென்றால் அதே வரிகளை இன்னொரு முறை, முடிந்தால் மூன்றாம் முறையும் பாடிப் பதிவு செய்து, நடுக்குரலைவிட 8 அல்லது 10 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் வையுங்கள். ஒரே ஆள் எவ்வளவு கவனமாகப் பாடினாலும் இரண்டு முறையும் சுருதியிலும் நேரத்திலும் மயிரிழை வித்தியாசம் இருக்கும், அதனால் அவை சேர்ந்தாலும் இப்படி ஒரே இடத்தில் அழியாது. இதற்கு ஒரு பிளக்இனும் தேவையில்லை, இன்னொரு முறை பாடும் பொறுமை போதும்.

அடுத்தது பேஸ். சின்தில் ஒரே அலைவரிசை மட்டும் உள்ள சுத்தமான சைன் அலைக்குப் பக்கமாக ஒரு சப் பேஸ் (மிகத் தாழ்ந்த பேஸ்) வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பேஸ் கிட்டாரின் கனத்த இ தந்தி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சின்ன ஃபோன் ஸ்பீக்கரால் அதில் ஒரு துளியும் எழுப்ப முடியாது, சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை நீங்கள் எவ்வளவு ஏற்றினாலும் மற்ற ஸ்பீக்கர்களில் குமுறுமே தவிர ஃபோனில் ஒன்றும் நடக்காது. ஆனால் நம் காதுக்கு ஓர் அற்புதமான குணம் உண்டு. 82, 123, 164 என்று 41இன் மடங்குகள் வரிசையாகக் காதில் விழுந்தால், அடியில் 41 இல்லாவிட்டாலும் மூளை அதே ஸ்வரத்தைக் கேட்டுவிடும். ஃபோனுக்கு எட்டுவது இன்னும் மேலே உள்ள மடங்குகள்தான், அவை இருந்தாலும் போதும். அந்த மடங்குகளை உண்டாக்கத்தான் சாச்சுரேஷன். பேஸ் ட்ராக்கில் ஒரு சாச்சுரேஷன் பிளக்இன் போட்டு, தனியாகக் கேட்டால் கொஞ்சம் கரகரப்பு என்று தோன்றும் அளவுக்கு ஏற்றுங்கள். மற்ற வாத்தியங்களோடு சேரும்போது கரகரப்பு மறைந்து பேஸ் மட்டும் தெரியும்.

கிட்டாரும் பேடும் குரலும் மூன்றுமே 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும், அந்த மந்தம் அங்கிருந்துதான் வருகிறது. பேடில் 300 பக்கம் ஒரு 4 டெசிபல் அகலமாகக் குறையுங்கள், கிட்டாரில் 2 போதும், குரலைத் தொடாதீர்கள். இதைச் செய்யும்போது ஒரு ட்ராக்கை மட்டும் தனியாகக் கேட்கவைக்கும் சோலோ பட்டனை அழுத்தவே கூடாது. சோலோவில் பேட் மெலிந்து கேட்கும், மனசு கேட்காமல் திரும்ப ஏற்றிவிடுவீர்கள். எல்லாம் ஒன்றாக ஓடும்போது பேட் நன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மிக்ஸை எப்போதும் ஸ்பீக்கரில் செய்து ஹெட்போனில் சரிபார்ப்பதுதான் நல்லது, ஹெட்போனிலேயே முடித்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

மெல்லக்கேள்:

கீழ்ஸ்தாயி சொன்னதில் கடைசி வரியை மட்டும் நான் ஏற்கவில்லை. வீட்டில் ஒரு சாதாரண அறை, 3 மீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 343 மீட்டர், அதை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 57 ஹெர்ட்ஸ். அந்த அறையில் 57 ஹெர்ட்ஸ் சுவரோரம் பூதாகரமாகவும் நடு அறையில் காணாமலும் போகும். நாற்காலியை ஓர் அடி நகர்த்தினால் பேஸின் அளவே மாறிவிடும். சுவருக்கு எதுவும் செய்யாத அறையில் நல்ல ஸ்பீக்கர் வைத்து பேஸை முடிவு செய்தவர்களைவிட, பழகிய ஹெட்போனில் முடிவு செய்தவர்கள் குறைவாகவே தவறு செய்கிறார்கள் என்பது என் அனுபவம். நண்பர் ஹெட்போனிலேயே செய்யட்டும், ஆனால் மானோ பட்டனை விடக் கூடாது.

நான் சொல்ல வந்தது வேறு. முதல்தடம், நீங்கள் எவ்வளவு சத்தத்தில் வைத்து மிக்ஸ் செய்கிறீர்கள்? பேஸ் அடிவயிற்றில் இறங்குகிறது என்று எழுதியிருந்ததால் கேட்கிறேன். சத்தம் குறையும்போது பேஸ் போன்ற தாழ்ந்த ஒலிகள்தான் நம் காதுக்கு முதலில் குறைந்துபோகும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வளைகோடாக வரைந்துவிட்டார்கள். அதனால் பெரிய சத்தத்தில் எல்லா மிக்ஸும் நன்றாகத்தான் இருக்கும், பேஸ் போதும் போதும் என்றுதான் தோன்றும். பக்கத்தில் ஒருவர் மெதுவாகப் பேசினால் உங்களுக்குக் காதில் விழ வேண்டும், அந்த அளவுக்கு ஒலியை இறக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். அந்த அளவில் குரலின் ஒவ்வொரு சொல்லும் புரிகிறதா, தாளம் எங்கே விழுகிறது என்று தெரிகிறதா? இல்லையென்றால் ஃபேடர்கள் இருக்கும் இடம் சரியில்லை.

எல்லா பிளக்இன்களையும் பைபாஸ் செய்துவிட்டு (வேலை செய்யாமல் நிறுத்திவிட்டு), எல்லா ஃபேடரையும் கீழே இறக்கி, குரலை முதலில் ஏற்றி, அதைச் சுற்றி மற்றவற்றை ஒவ்வொன்றாக ஏற்றிப் பாருங்கள். அரைமணி நேரத்தில் கிடைக்கும் அந்த வெறும் சமநிலை மூன்று வாரம் பிளக்இன் அடுக்கியதைவிட நன்றாக இருந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குரலுக்கு இன்னொன்று. நாம் பாடும்போது சொல்லின் கடைசி எழுத்தில் மூச்சு இறங்கிவிடும், "வந்தேன்" என்பதில் "வந்" கேட்கும், "தேன்" முழுங்கிவிடும். தமிழில் யார், எப்போது என்ற செய்தி முழுக்க அந்தக் கடைசியில்தான் இருக்கிறது, அது போனால் வரியே புரியாது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் இதைப் பாதிதான் சரிசெய்யும், அதையே நம்பி இறுக்கினால் மூச்சுச் சத்தமும் ஸகர சீறலும் மேலே வந்துவிடும். கம்ப்ரஸருக்கு முன்னால் இருக்கும் வால்யூம் என்வலப்பில் (சத்தம் எங்கே ஏறி இறங்க வேண்டும் என்று வரையும் கோட்டில்) வரி வரியாகப் போய், முழுங்கிய இடங்களை 2, 3 டெசிபல் கையால் தூக்குங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் ஒரு பாட்டில் நான் செலவழிக்கும் நேரத்தில் எனக்கு அதிகம் திருப்தி தருவது இதுதான், அப்புறம் கம்ப்ரஸர் 3 டெசிபல் பிடித்தாலே போதும்.

அளவுகோல்:

யூடியூபில் ஏற்றிய பாட்டின் சத்தத்தைப் பற்றி யாரும் சொல்லாததால் நான் சொல்லிவிடுகிறேன். மைனஸ் 8இல் ஏற்றினால் யூடியூப் அதைச் சுமார் மைனஸ் 14க்கு இறக்கித்தான் ஒலிக்கவிடும். ஓடும் வீடியோவில் ரைட் கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திறந்தால் கன்டென்ட் லவுட்னஸ் என்று எத்தனை டெசிபல் அதிகம் என்பதைக் காட்டும், உங்களுக்கு 6 பக்கம் இருக்க வேண்டும். இப்போது நினைத்துப் பாருங்கள், லிமிட்டர் டிரம்மின் ஒவ்வோர் அடியையும் நசுக்கி, ஏறியது எல்லாம் ஒரே மட்டமாக ஆகிவிட்டது. அதை 6 டெசிபல் இறக்கினால் சத்தமும் போச்சு, அடியும் போச்சு. பக்கத்தில் ஓடும் பாட்டு மைனஸ் 14க்குப் பக்கத்தில், அடிகள் துள்ளும்படி விடப்பட்டிருந்தால், சராசரி சத்தம் ஒன்றாக இருந்தும் அதுதான் உயிரோடு கேட்கும்.

அதற்காக மைனஸ் 14ஐ வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாட்டு மைனஸ் 11இல் நன்றாக மூச்சு விடுகிறது என்றால் அங்கேயே விடலாம். என் கணக்கு, பாட்டின் உச்சத்திலும் லிமிட்டர் 2 அல்லது 3 டெசிபலுக்கு மேல் பிடிக்கக் கூடாது. ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) உச்சவரம்பை மைனஸ் 1இல் வையுங்கள், பாட்டை எம்பி3 போன்ற வடிவத்துக்குச் சுருக்கும்போது உச்சங்கள் கொஞ்சம் தாண்டும், அதற்கு இடம் வேண்டும். யூடியூப் சத்தமான பாட்டை இறக்குமே தவிர மெல்லிய பாட்டை ஏற்றாது, அதனால் மைனஸ் 20இலும் விட்டுவிடாதீர்கள்.

ஒப்பிட்டுக் கேட்க வேறு ஒரு பாட்டை ப்ராஜெக்டுக்குள் இழுத்துப் போட்டிருக்கிறீர்களா? போட்டால் அதன் ஃபேடரை உங்கள் மிக்ஸின் சத்தத்துக்கு இறக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் ஒரு டெசிபல் அதிகமாக இருப்பதே காதுக்கு நல்லதாகத் தோன்றிவிடும். அது மாஸ்டர் ட்ராக்கின் லிமிட்டர் வழியாகவும் போகக் கூடாது.

முதல்தடம்:

நான்கு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன்.

கன்டென்ட் லவுட்னஸ் 5.8 டெசிபல் என்று காட்டியது, கிட்டத்தட்ட அளவுகோல் சொன்னதே. காப்பிக் குரலை அழித்துவிட்டுப் பல்லவியை மட்டும் இரண்டு முறை கூடுதலாகப் பாடினேன், சரணத்தில் ஒற்றைக் குரலே விட்டுவிட்டேன், பல்லவி வரும்போது விரிவது முன்பைவிட அழகாகத் தெரிகிறது. மெல்லக்கேள் சொன்ன மாதிரி எல்லா ஃபேடரையும் இறக்கி மெல்லிய சத்தத்தில் ஏற்றிப் பார்த்ததில் பேட் 5 டெசிபல் கீழே போனது, கிட்டாரும் கீழே போனது, அதுவரை பேட் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. பேஸில் சாச்சுரேஷன் போட்டபின் ஃபோனில் ஸ்வரம் தெளிவாகக் கேட்கிறது, அதைக் கேட்டபோது உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. மாஸ்டரில் இப்போது ஒரு லிமிட்டர் மட்டும்தான். பாட்டை ஒரே ஃபைலாக ரெண்டர் செய்ததும் மைனஸ் 12.3 காட்டியது.

ஒன்று மட்டும் பாக்கி. கிக்கும் (டிரம்மின் கனத்த அடி) பேஸும் ஒன்றாக அடிக்கும் இடத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது, இரண்டுமே தெளிவாக இல்லை.

கீழ்ஸ்தாயி:

ஹெட்போன் விஷயத்தில் மெல்லக்கேள் சொல்வது சரிதான், நான் சுவருக்கு எல்லாம் செய்துவைத்த அறையை மனதில் வைத்து எழுதிவிட்டேன்.

கிக்குக்கு: முதலில் டிரம் லூப்பின் ஃபேஸை இன்வர்ட் செய்து (அலையின் மேட்டைப் பள்ளமாகப் புரட்டி) பாருங்கள், ஒரே பட்டன்தான், கீழ்ப் பகுதி கனத்தால் அப்படியே விடுங்கள். அதில் மாற்றம் இல்லையென்றால் கிக்கின் அழுத்தம் எங்கே என்று அலைவரிசைகளைக் காட்டும் அனலைசரில் பாருங்கள், பெரும்பாலும் 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். பேஸில் அந்த இடத்தில் 3 டெசிபல் குறைத்து, பேஸை 90, 100 பக்கம் கொஞ்சம் தூக்குங்கள். அப்படியும் மோதினால் பேஸ் ட்ராக்கில் ஒரு கம்ப்ரஸர் போட்டு, டிரம் லூப்பை அதன் சைட்செயினுக்கு அனுப்புங்கள், லூப் அடிக்கும்போதெல்லாம் கம்ப்ரஸர் பேஸை இறக்கும். லூப்பில் கிக் தனியாக இருக்காது, ஸ்னேரும் ஹைஹேட்டும் சேர்ந்தே இருக்கும், அதனால் கம்ப்ரஸர் லூப்பைக் கேட்கும் டிடெக்டரில் லோபாஸை (தாழ்ந்த ஒலியை மட்டும் விடும் வடிகட்டியை) 100 ஹெர்ட்ஸில் வைத்தால்தான் கிக்குக்கு மட்டும் பேஸ் வழிவிடும். ரிலீஸை (பேஸ் திரும்ப எழ எடுக்கும் நேரத்தை) 80 மில்லிசெகண்டில் தொடங்கி, அடுத்த கிக்குக்குள் பேஸ் எழுந்துவிடும்படி காதால் சரிசெய்யுங்கள். முடிந்ததும் மானோவில் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.