வாய்தா சீட்டு

நான் ஐந்தாண்டு சட்டப்படிப்பில் நான்காம் வருடம். பார் கவுன்சில் விதிப்படி மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் முடிக்க வேண்டும். அதில் 4 வாரத்தைப் போன வருடம் தர்மபுரியில் ஒரு சிவில் வக்கீலிடம் செய்தேன்.

சீனியர் என்னிடம் சட்டம் எதுவும் கேட்கவில்லை. காலையில் குமாஸ்தா அண்ணனோடு கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும், வழக்கு அழைத்ததும் நடந்ததை டைரியில் குறிக்க வேண்டும். அப்புறம் வராண்டாவில் நிற்கும் கட்சிக்காரரிடம் அதைச் சொல்லி, அடுத்த வாய்தா தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் சுலபம் என்று நினைத்தேன்.

பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார். அறுபது வயதிருக்கும். அப்பா நிலத்தில் பங்கு கேட்டு அண்ணன், தம்பி மேல் பாகப்பிரிவினை வழக்கு. அன்று அரை நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்த்தரப்பு பதிலுரைக்கு அவகாசம் கேட்டது, தேதி போட்டார்கள், அடுத்த வழக்கை அழைத்துவிட்டார்கள். வெளியே வந்து, "பதிலுரைக்கு வாய்தா போட்டிருக்காங்கம்மா" என்றேன்.

"அப்ப நம்ம பக்கம் தீர்ப்பாயிடுச்சா கண்ணு?"

வினீதா சர்மா தீர்ப்பைத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். 1989ல் தமிழ்நாடு பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு கொடுத்தபோது, அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது கிடைக்கவில்லை. 2005 மத்தியச் சட்டத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகளுக்குப் பிறப்பிலேயே உரிமை என்று 2020ல் அந்தத் தீர்ப்பில்தான் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'அப்பவே வாய்வார்த்தையாகப் பிரிச்சுக்கிட்டோம்' என்று சொன்னால் மட்டும் போதாது என்றும் சொன்னது. வக்கீல் நோட்டீஸுக்கு இந்த அம்மாவுடைய அண்ணன் கொடுத்த பதிலும் அதேதான். இவருக்குக் கல்யாணமானது எண்பதுகளின் தொடக்கத்தில். இவரைப் போன்றவர்களுக்காகவே வந்த தீர்ப்பு, இவர் முன்னால் நின்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை.

அந்தப் பதற்றத்தில் சீட்டில் 17 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மைத் தேதி 27.

17ஆம் தேதி அவர் வந்து நின்றார். தக்காளி பறிக்கிற கூலியை விட்டுவிட்டு, தர்மபுரி வந்து, அங்கிருந்து தடங்கம் கோர்ட்டுக்கு இன்னொரு பஸ். சீனியர் சத்தம் போடவில்லை. "போன கூலியை நம்மால திருப்பித் தர முடியாதும்மா. உட்கார வச்சு வழக்கையாவது சொல்லு" என்றார்.

பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, நாங்கள் தாக்கல் செய்த வழக்கு மனுவான பிராதை விரித்தேன். "உங்க மூணு பேருக்கும் சமமா மூணு பாகம்னு கேட்டிருக்கோம். அதுக்கு அவங்க பதில் எழுதிக் கொடுக்கணும். இன்னும் கொடுக்கலை. அதுக்குத்தான் தேதி வாங்கியிருக்காங்க."

"நாம கேட்டதெல்லாம் இதுல எழுதியிருக்கா?"

"இருக்கும்மா."

தான் கைநாட்டு வைத்த இடத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

வாச்சாத்தி வழக்கையும் கல்லூரியில் படித்திருக்கிறேன். தர்மபுரி மாவட்டத்து மலைக்கிராமமான அங்கே 1992ல் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் மக்களை அடித்து, பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்த கொடுமைக்கு தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29ல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள், மீதி 215 பேருக்கும் தண்டனை. அப்போது இதெல்லாம் வெறும் எண்கள். என் ஒரு தப்பால் ஒருவருக்கு ஒரு நாள் கூலி போனதைப் பார்த்தபிறகு, அந்த ஊர்ப் பெண்கள் கோர்ட்டுக்கு எத்தனை தடவை பஸ் ஏறியிருப்பார்கள் என்றுதான் யோசனை போகிறது.

அதற்கப்புறம் தேதியை டைரியில் ஒரு தடவை, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் செயலியில் சிஎன்ஆர் எண் (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி எண்) போட்டு ஒரு தடவை பார்க்காமல் சீட்டு எழுதியதில்லை. 27ஆம் தேதி பதிலுரை தாக்கலானது. அதில் என்ன இருக்கிறது என்று அந்த அம்மாவுக்குச் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

"தேதியைப் பெரிசா எழுது கண்ணு, பேரன் படிச்சுச் சொல்லணும்" என்றார். கிழமையையும் சேர்த்துப் பெரிதாக எழுதினேன். சீட்டை நாலாக மடித்து, பஸ் காசோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்.