ஜாஸ் காருக்குத் தனி டயர், தனி ரிம்: ஆட்டோகிராஸுக்குத் தேவையா, வீண்செலவா?

யீஷூன் ஜாஸ்:
எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 1.5 லிட்டர் ஹோண்டா ஜாஸ் இருக்கிறது. ஜொகூரில் கார் நிறுத்துமிடத்தில் கூம்பு வைத்து நடத்தும் ஆட்டோகிராஸுக்கு நண்பர்களோடு சிங்கப்பூரிலிருந்து போய்வருகிறேன். தெரியாதவர்களுக்காக: ஒரு நேரத்தில் ஒரே கார், ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம், கூம்பைத் தட்டினால் தண்டனை நேரம். இப்போது ஓடுவது காரோடு வந்த அளவான 185/55 ஆர்16, சாதாரண டயர். பாதிதான் தேய்ந்திருக்கிறது. நண்பர்களோ இலேசான 15 அங்குல ரிம் ஒரு செட்டும், அதற்கு 195/50 ஆர்15 அளவில் நன்றாக ஒட்டும் டயரும் வாங்கச் சொல்கிறார்கள். நாலைந்து மாதச் சேமிப்பு கரைந்துவிடும். வாங்கலாமா?

கூம்பு எமன்:
தாராளமாக வாங்குங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? காரையும் தரையையும் இணைப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர்தான். யோகஹாமா ஏ052, பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்இ-71ஆர்எஸ் இரண்டில் எது கிடைத்தாலும் போடுங்கள். இரண்டுமே தேய்மான எண் 200 உள்ளவை. எண் குறையக் குறைய டயர் சீக்கிரம் தேயும், பொதுவாக நன்றாக ஒட்டும். அமெரிக்காவில் எஸ்சிசிஏ என்ற கார் பந்தயச் சங்கம் நடத்தும் போட்டிகளின் தெருக்கார் பிரிவில் அனுமதிக்கப்படும் கீழ் எல்லையும் அந்த 200தான். அந்த எல்லைக்குள் யார் அதிகம் ஒட்டும் டயர் செய்வது என்றுதான் நிறுவனங்களுக்குள் போட்டி. ரிம்மையும் சும்மா நினைக்காதீர்கள். சக்கரத்தில் ஒரு கிலோ குறைந்தால் காரில் பத்துக் கிலோ குறைந்த மாதிரி.

பழைய சக்கரம்:
தம்பி, எமன் சொல்வதைக் கேட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். சாதாரண டயர் வழுக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே கத்திச் சொல்லும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்ப வேண்டும், எப்போது பிரேக்கை விட வேண்டும் என்று கை பழகுகிறது. ஒட்டும் டயர் நீங்கள் தாமதமாகத் திருப்பினாலும் இழுத்துப் பிடித்துக் காப்பாற்றும். நேரம் குறையும், ஓட்டத் தெரிந்துவிட்டது என்ற நினைப்பும் வரும். அதே டயர் தேய்ந்து முடிந்த அன்று பழைய இடத்திலேயே நிற்பீர்கள். இருப்பதைத் தேய்த்து முடியுங்கள், பிறகு பேசுவோம்.

கூம்பு எமன்:
அண்ணன், இது எல்லா இடத்திலும் சொல்லப்படும் பழம்பாட்டு. சாதாரண டயரின் தோள்பட்டை, அதாவது ஓரம், நாலு ஓட்டத்தில் மடங்கித் தேய்ந்து, வட்டமாகிவிடும். வேலைக்குப் போகிற டயரைப் போட்டியில் கெடுத்துவிட்டு மழையில் விரைவுச்சாலையில் ஓட்டுவதுதான் சிக்கனமா? இங்கே சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் வரிப்பள்ளமாவது இருக்க வேண்டும். நடுவில் நான்கு மில்லிமீட்டர் இருக்கும்போதே ஓரம் மொட்டையாகிவிட்டால் அந்த டயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

துவாஸ் மலர்:
ஓரம் தேய்கிறது என்பதில் எமன் சொல்வது சரி. பத்துக் கிலோ கணக்கு தவறு. ரிம்மின் எடை முழுவதும் டயரின் வெளிவிளிம்பிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டால்கூட, வேகமெடுக்கும்போது ஒரு கிலோ இரண்டு கிலோவாகத்தான் கணக்காகும். அதற்கு மேல் இயற்பியல் இடம் தராது. ரிம் டயருக்கு உள்ளே இருப்பதால் உண்மையில் இரண்டுக்கும் குறைவு. மேடுபள்ளத்தில் சக்கரம் தரையோடு ஒட்டி நிற்பதற்கு இலேசான ரிம் உதவும், அது வேறு விஷயம். வழுவழுப்பான கார் நிறுத்துமிடத்தில் அந்த ஆதாயமும் சிறிது.

இன்னொன்றையும் பாருங்கள். சிங்கப்பூர் கார் ஜொகூருக்குப் பாலத்தைக் கடக்கும்போது முக்கால் டாங்க் பெட்ரோல் இருந்தே ஆக வேண்டும். ஜாஸின் டாங்க் 40 லிட்டர். அப்படியானால் 30 லிட்டர், ஏறக்குறைய 22 கிலோ. அதைச் சுமந்துகொண்டு போய் ரிம்மில் கிராம் எண்ணுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

கூம்பு எமன்:
பத்து என்று பேச்சுவழக்கில் சொன்னேன், மலர் அக்கா அதற்குப் பாடமே எடுத்துவிட்டார். சரி, எடையை விடுங்கள். டயரின் விட்டம் குறைகிறதே? இப்போது இருப்பது 610 மில்லிமீட்டர். 195/50 ஆர்15 போட்டால் 576. கியர் குட்டையாகும், புறப்பாடு வேகமாகும், கார் தாழ்வாகவும் நிற்கும்.

துவாஸ் மலர்:
புறப்படும் கணத்தில் ஆதாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவருடையது சிவிடி கார், அதாவது படிப்படியான கியர் இல்லாத தானியங்கி. உருளத் தொடங்கிய பிறகு விகிதத்தை அதுவே மாற்றிக்கொள்ளும், குட்டைக் கியர் என்ற பேச்சுக்கு அங்கே பாதி பொருள்தான். கூடவே வேகமானி பொய் சொல்லும்: 100 காட்டும்போது உண்மையில் 94, 95 போவீர்கள். போட்டி நாளில் மட்டும் என்றால் கவலையில்லை.

பட்டறைக்காரன்:
காக்கி புக்கிட்டில் டயர் மாற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு. நீங்கள் மூன்று பேரும் வாங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். காற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கேள்வி கேட்டவருக்குச் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் காலணிக்குப் பூசும் வெள்ளை மெருகு ஒரு புட்டி வாங்குங்கள். டயரின் பக்கச்சுவரும் தரையில் படும் பகுதியும் சேரும் தோள்பட்டையில் மூன்று இடங்களில் குறுக்காகப் பட்டை பூசுங்கள். பல டயர்களில் அந்த இடத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். ஓடி முடித்து வந்து பாருங்கள். வெள்ளை முக்கோணத்தைத் தாண்டிப் பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று போதாது. முக்கோணத்துக்கு வெகுமுன்பே அழிவு நின்று, மீதி வெள்ளை அப்படியே இருந்தால் காற்று அதிகம், ஓரம் தரையைத் தொடவே இல்லை. சாதாரண டயருக்கு முன்பக்கம், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவைவிட நாலைந்து பிஎஸ்ஐ கூட்டித் தொடங்குங்கள். பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம்.

சூடு ஏறினால் அழுத்தமும் ஏறும். ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளுங்கள். பகல் ஒரு மணி வெயிலில் தார் கொதிக்கும் இடத்தில் காலையில் வைத்த அளவு அப்படியே இருக்காது. ஒவ்வொரு ஓட்டமும் முடிந்தவுடன் அளந்து எழுதி வையுங்கள். பெட்ரோல் நிலையத்து மானியை நம்பாதீர்கள், சொந்தமாக ஒன்று வாங்குங்கள்.

பழைய சக்கரம்:
பட்டறைக்காரர் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

கூம்பு எமன்:
எல்லாம் சரி. அத்தனையும் செய்த பிறகும் சாதாரண டயர் சாதாரண டயர்தான். காற்றை வைத்து ரப்பர் கலவையை மாற்ற முடியுமா?

பட்டறைக்காரன்:
முடியாது. ஆனால் காற்று வைக்கத் தெரியாதவர் ஏ052 போட்டு அதையும் ஓரத்தில் தேய்த்துக்கொண்டு என்னிடம் வருகிறார். ஜாஸ் முன்சக்கர இழுவை. திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு எல்லாம் முன்னால்தான். கேம்பர் போல்ட் போட்டு முன்சக்கரத்தின் தலையை உள்பக்கம் ஒரு பாகைக்குச் சற்று மேல் சாய்த்தாலே ஓரம் தப்பும். பின்னால் சாய்க்க வழியில்லை, அங்கே இருப்பது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் முறுக்குத் தண்டு. பின்பக்கக் காற்றைக் கூட்டிப் பாருங்கள், பின்பகுதி சற்று எளிதாகத் திரும்பும். மழை வந்தால் உடனே குறைத்துவிடுங்கள்.

துவாஸ் மலர்:
டயர் வகையில் எமனோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. 200 என்ற எண்ணை அந்தந்த நிறுவனமே தன் டயருக்குப் போட்டுக்கொள்கிறது. ஒரு நிறுவனத்தின் 200-ஐயும் இன்னொன்றின் 200-ஐயும் அருகருகே வைக்க முடியாது. ஹன்கூக் ஆர்எஸ்4-உம் 200தான். ஆனால் அது நிதானமாகச் சூடேறி, நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். பந்தயத் தடத்தில் பல சுற்று ஓடுபவர்களுக்கு ஏற்றது. ஏ052 முதல் ஓட்டத்திலேயே ஒட்டும், அதிகச் சூட்டில் வழவழத்துவிடும். குளிர்நாட்டில் டயரைச் சூடாக்கத் தவிக்கிறார்கள். நமக்கு எதிர்ப்பாடு. நானும் என் தம்பியும் ஒரே காரை மாறி மாறி ஓட்டுகிறோம். டயர் ஆறுவதற்கு இடைவெளியே இருக்காது. இடையில் தெளிப்பானால் தண்ணீர் அடித்துத்தான் சமாளிக்கிறோம். தனியாக ஓட்டுபவருக்கு அந்தக் கவலை குறைவு.

கூம்பு எமன்:
அப்படியானால் தனியாக ஓட்டும் யீஷூன் ஜாஸுக்கு ஏ052 பொருந்தும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

துவாஸ் மலர்:
டயர் பொருந்தும். இப்போதே வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

பழைய சக்கரம்:
வீட்டில் எங்கே வைப்பது என்று யாராவது கேட்டீர்களா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் அடுக்கினால் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், அண்டைவீட்டாரின் முகம் கோணும். ரப்பர் எரியும் பொருளும்கூட. திறந்த இடத்தில் மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு குடியேறும், பின்னாலேயே அபராதக் கடிதமும் வரும். பொருள்வைப்பறையாகிவிட்ட வெடிகுண்டுக் காப்பறையில் வைக்கலாம் என்றால், அங்கே ஏற்கெனவே அரிசி மூட்டையும் மனைவியின் தையல் எந்திரமும் இருக்கும்.

யீஷூன் ஜாஸ்:
காப்பறையில் இடம் இருக்கிறது, அம்மாவிடம் அனுமதிதான் வாங்க வேண்டும். காரில் ஏற்றுவதும் சிரமமில்லை. ஜாஸின் பெட்ரோல் டாங்க் முன்னிருக்கைக்கு அடியில் இருப்பதால் பின்னிருக்கையை மடித்தால் தரை தாழ்வாகிவிடும், நான்கு சக்கரமும் உள்ளே போகும். டயரை மட்டும் ஜொகூரில் வாங்கினால் மலிவு என்கிறார்களே?

பட்டறைக்காரன்:
மலிவுதான். ஆனால் 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 சிங்கப்பூர் வெள்ளி மதிப்புவரைதான் வரிவிலக்கு. மீதிக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரியைச் சுங்கத்தில் அறிவித்துக் கட்ட வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். தள்ளுபடியில் வரும் டயர் பெரும்பாலும் அலமாரியில் காய்ந்த டயர்.

யீஷூன் ஜாஸ்:
சரி, என் முடிவு இது. இருக்கும் டயரை வெள்ளை மெருகு பூசிப் பார்த்து, காற்றைச் சரிசெய்து, கேம்பர் போல்ட் போட்டு ஓட்டுகிறேன். முன்டயரின் ஓரம் முடிந்ததும் 15 அங்குல ரிம் ஒரு செட்டும் ஏ052-உம். ரிம்மில் எதைப் பார்ப்பது?

கூம்பு எமன்:
அப்போது வாங்கப்போவதை இப்போதே வாங்கினால் இடையில் போகிற போட்டிகளில் வெறும் கையோடு திரும்ப வேண்டாம். சொல்வதைச் சொல்லிவிட்டேன்.

பட்டறைக்காரன்:
நான்கு துளை, 100 மில்லிமீட்டர் வட்டம். நடுத்துளை 56.1 மில்லிமீட்டர். பெரிதாக இருந்தால் வளையம் போட வேண்டும். டயர் சக்கர வளைவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வாகனப் பரிசோதனையில் தேறாது. ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானிய ரிம் தர முத்திரை இல்லாத போலி ரிம்மைத் தொடாதீர்கள், வளைவில் விரிசல் விடும்.

முக்கியமானது நட்டு. ஹோண்டாவின் சொந்த ரிம்முக்கு வரும் நட்டின் அடி உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்கும் ரிம் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டு கேட்கும். பழைய நட்டைப் போட்டு முறுக்கினால் இறுக்கமாகத்தான் தோன்றும், ஆனால் விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், ஓட ஓடக் கழலும். புது நட்டு வாங்குங்கள், 108 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள், முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி சரிபாருங்கள்.