ரிப்பேருக்கு வந்த சர்வோ டிரைவ்கள் கஸ்டம்ஸில் நிற்கின்றன, அவசரம்

கோவை_டிரைவ்: ரிப்பேருக்கு வந்த 14 சர்வோ டிரைவ்கள் (மெஷின் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிகள்) ஏர் கார்கோவில் 9 நாளாக நிற்கின்றன. மின்னணுக் கழிவு என்கிறார்கள். டெமரேஜ் (சரக்கை எடுக்காமல் கிடப்பதற்கான கட்டணம்) ஏறிக்கொண்டே போகிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

மீனா_ஏற்றுமதி: எந்த நாட்டிலிருந்து வந்தது? திருப்பி அனுப்பவா, இங்கேயே விற்கவா? இன்வாய்ஸில் என்ன எழுதியிருக்கிறது?

பழைய_சோல்டர்: எச்.எஸ். கோடுதான் (சரக்கை கஸ்டம்ஸ் வகைப்படுத்தும் எண்), சந்தேகமே வேண்டாம். 8504-ல் வர வேண்டியதை 8549-ல் போட்டிருப்பார்கள். அது கழிவுக்கான தலைப்பு.

துறைமுகத்தான்: இதை எத்தனை முறை எழுதுவது? கழிவு நாடுவிட்டு நாடு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் ஒப்பந்தப்படி 2025 ஜனவரி 1 முதல் அபாயமில்லாத மின்னணுக் கழிவுக்கும் முன் அனுமதி வேண்டும். முதலில் விதியைப் படித்துவிட்டு அப்புறம் கடை போடுங்கள்.

மீனா_ஏற்றுமதி: முன் அனுமதி கழிவுக்கு சார். நம் நாட்டின் 2016 அபாயக் கழிவு விதிகளில் மூன்றாம் அட்டவணை, டி பகுதி, பி1110 பாருங்கள். ரிப்பேருக்கு வந்து ஒரு வருடத்துக்குள் திரும்பிப் போகும் பழைய மின்னணுச் சாதனத்துக்கு சுற்றுச்சூழல் அமைச்சக அனுமதி தேவையில்லை.

துறைமுகத்தான்: ரிப்பேர் என்று எழுதித்தான் உடைந்த டிவியெல்லாம் கானாவில் போய்க் குவிந்தது.

ஈயப்புகை: அதற்காக ரிப்பேர் செய்கிறவன் கடையைப் பூட்டணுமா அண்ணா? ஐ.ஜி.பி.டி. மாட்யூலும் (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை ஸ்விட்ச் செய்யும் பாகம்) நாலு கெப்பாசிட்டரும் மாற்றினால் அந்த டிரைவ் மறுபடி ஓடும். வாங்க மாட்டோம் என்றால் அங்கேயே குப்பைக்குத்தான் போகும்.

துறைமுகத்தான்: யோக்கியமான கடை எது என்று பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியுமா தம்பி?

மீனா_ஏற்றுமதி: பெட்டியைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம். பேக்கிங் எப்படி இருந்தது, கோவை?

கோவை_டிரைவ்: மன்னிக்கவும், லைனுக்குப் போயிருந்தேன். இலங்கை கார்மென்ட்ஸ் பாக்டரி. சரிசெய்து திருப்பி அனுப்பத்தான். இன்வாய்ஸில் 'பழுதான பழைய போர்டுகள், மதிப்பு இல்லை' என்று போட்டிருக்கிறார்கள். 14-ம் ஒரே அட்டைப்பெட்டியில், செய்தித்தாள் சுற்றி. இரண்டில் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) வளைந்துவிட்டது. ஒப்பந்தமெல்லாம் இல்லை, வாட்ஸ்அப்பில் பேசியதுதான்.

மீனா_ஏற்றுமதி: இங்கேதான் இடிக்கிறது. மதிப்பில்லாத பழைய போர்டை நியூஸ்பேப்பரில் சுற்றி அனுப்பினால் யார் பார்த்தாலும் கழிவு என்றுதான் நினைப்பார்கள். பேசல் வழிகாட்டுதல் ரிப்பேர் சரக்குக்குக் கேட்பதே ஒப்பந்தம், கழிவு இல்லை என்ற உறுதிமொழி, வழியில் உடையாத பேக்கிங், இவைதான். பாக்டரியிடம் உண்மையான மதிப்போடு திருத்திய இன்வாய்ஸ் வாங்குங்கள். ஒவ்வொரு டிரைவுக்கும் மாடல், சீரியல் நம்பர், என்ன பழுது என்று பட்டியல் போடுங்கள். சரியாகாததை யார் எடுத்துக்கொள்வது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். திருப்பி அனுப்புவோம் என்று கஸ்டம்ஸுக்கு பாண்ட் (உறுதிப் பத்திரம்) கொடுப்பதைப் பற்றி கஸ்டம்ஸ் ஏஜென்ட்டிடம் கேளுங்கள். பழைய இன்வாய்ஸை மறைக்க வேண்டாம், ஏன் திருத்தினோம் என்று கடிதம் வையுங்கள்.

துறைமுகத்தான்: பட்டியலில் பழுது என்ற இடத்தில் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த எரர் கோடு வருகிறது என்று எழுதுங்கள்.

கோவை_டிரைவ்: (6 நாள் கழித்து) பெட்டியைத் திறந்து 14 சீரியல் நம்பரையும் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார்கள். பாண்ட் போட்டு நேற்று விட்டார்கள். நன்றி மேடம், நன்றி துறைமுகத்தான் சார்.

பழைய_சோல்டர்: எச்.எஸ். கோடு என்ன போட்டிருந்தது, சொல்லவே இல்லையே?